காசும் கம்பியும்

பத்து கிராம் வெள்ளியைக் கால் மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியாக இழுத்தால் ஏறத்தாழ 19 மீட்டர் நீளம் வரும். கட்டியாக இருந்தபோது அதன் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கியிருந்தது. கம்பியானதும் 150 சதுர சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. எடை அதேதான், தீயும் காற்றும் அமிலமும் தொடுகிற இடம் மட்டும் 25 மடங்கு கூடிவிட்டது. வார்த்துச் செய்த தண்டையிலோ காப்பிலோ செம்பு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. மயிரிழைக் கம்பியில் ஒளிக்க இடமில்லை. கலந்த செம்பு ஒவ்வொரு சூட்டிலும் மேலே வந்து கருக்கும், கம்பியை விறைக்க வைக்கும், இழுக்கும்போது முறியவும் வைக்கும்.

ஆனால் எந்த வெள்ளியில் கம்பி இழுப்பது என்பதைக் கம்பி வேலைக்காரர்கள் தாங்களே தீர்மானித்த காலம் வரலாற்றில் மிகக் குறைவு. அவர்கள் கைக்கு வந்த வெள்ளி பெரும்பாலும் காசாகத்தான் வந்தது. காசில் எவ்வளவு செம்பு என்பதை அரசனும் கருவூலமும் முடிவு செய்தார்கள். காசு பல்லாயிரம் கைகளில் தேய வேண்டியது. அதற்குக் கடினம் வேண்டும். கம்பி வளைய வேண்டியது. அதற்கு மென்மை வேண்டும். இன்று நகைக்கடையில் 92.5 என்று சாதாரணமாகச் சொல்லப்படும் எண்கூட ஒரு நாணயச்சாலையின் எண்தான். வெள்ளிக் கம்பி நகையின் கடந்த காலம், காசுக்காகக் கலந்த உலோகத்தைக் கம்பிக்குப் பழக்கிய கதை.

பட்டறையில் இந்த முரண்பாடு எப்படித் தெரியும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சுத்த வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும், செம்பு 1085 டிகிரியில். இரண்டையும் கலந்தால் உருகுநிலை இவற்றுக்கு நடுவில் எங்கோ நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. 72 பங்கு வெள்ளி, 28 பங்கு செம்பு என்ற கலவை 779 டிகிரியிலேயே உருகி ஓடுகிறது. செம்பு சேரச் சேர வெள்ளி இறுகுகிறது. அதே நேரத்தில் சீக்கிரம் உருகவும் தொடங்குகிறது. 92.5 வெள்ளி 800 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். செம்பு ஒன்பது சதவீதத்தைத் தாண்டிய எந்தக் கலவையிலும் 779 டிகிரியில் ஒரு பகுதி உருகிவிடும். பற்றவைக்கும் பொடியோ, அதன் கலவையைப் பொறுத்து 700 முதல் 780 டிகிரிக்குள் ஓடுகிற பொருள். சுத்த வெள்ளிக் கம்பியில் பொடி உருகிய பிறகும் கைவசம் இருநூறு டிகிரி அளவுக்கு இடைவெளி உண்டு. 92.5 வெள்ளியில் அது சில பத்து டிகிரிகளாகச் சுருங்குகிறது. இன்னும் மட்டமான வெள்ளியில் பொடியும் கம்பியும் ஏறக்குறைய ஒன்றாகவே உருகும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பூ வேலை குண்டுமணியாகத் திரண்டுவிடும்.

அப்படியானால் சுத்த வெள்ளியிலேயே எல்லாவற்றையும் செய்துவிடலாமே? முடியாது. சூடாக்கிப் பதப்படுத்திய சுத்த வெள்ளியின் கடினம், அதே பதத்தில் உள்ள 92.5 வெள்ளியில் பாதிகூட இல்லை. அதில் செய்த தோட்டின் சட்டம் விரல் அழுத்தத்துக்கே கோணும், கொக்கி நிமிர்ந்துவிடும். ஆகவே எந்தக் கலவையும் முழுமையான விடை ஆகவில்லை.

கம்பியச்சு வருவதற்கு முன்பு இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை. பண்டைய மெசப்பொத்தேமியாவின் ‘ஊர்’ என்ற நகரத்து அரச கல்லறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையான நகைகளிலேயே கம்பி வேலை இருக்கிறது. அது பெரும்பாலும் தங்கம். அக்காலத்தில் கம்பி செய்ய உலோகத் தகட்டைச் சன்னமான நாடாவாக வெட்டி முறுக்கி உருட்டினார்கள், அல்லது கோலைத் தட்டித் தட்டி மெலிதாக்கினார்கள். துளையிட்ட இரும்பின் வழியே கம்பியை இழுக்கும் முறை கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பாதியில்தான் பரவலானது. 12-ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற பெயரில் ஒரு துறவி லத்தீனில் எழுதிய கைத்தொழில் நூல், வரிசை வரிசையாகத் துளைகள் இட்ட கம்பியச்சைத் தெளிவாக விவரிக்கிறது. அச்சு வந்ததும் வெள்ளியின் குற்றங்கள் எல்லாம் வெளியே வந்தன. ஈயத்தோடு உருக்கிப் பிரித்தெடுத்த வெள்ளியில் ஈயம் துளி தங்கியிருந்தாலும் போதும், அது உலோகத்தின் மணிகளுக்கு நடுவே ஒதுங்கி நின்று கம்பியை முறிக்கும். தட்டி எடுத்த தகட்டில் தப்பித்த குற்றம் அச்சின் துளையில் தப்பாது.

ஐரோப்பாவில் காசின் எண் நகைக்குச் சட்டமாகவே ஆனது. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் காசில் 12 அவுன்ஸ் பவுண்டுக்கு 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட் வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925. 1300-இல் முதலாம் எட்வர்டு இயற்றிய சட்டம், வெள்ளிப் பொருள்கள் காசைவிட மட்டமாக இருக்கக் கூடாது என்றும், சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்த வேண்டும் என்றும் விதித்தது. காசும் பாத்திரமும் ஒரே தரமாக இருந்தால் ஒன்றை உருக்கி மற்றொன்றாக்குவதில் நட்டமில்லை. அந்த வசதியே பின்னால் ஆபத்தானது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசுகளின் விளிம்பைச் சீவி எடுத்தும், காசையே உருக்கியும் பாத்திரம் செய்யும் பழக்கம் நாட்டின் நாணயத்தையே அரித்தது. அரசு 1697-இல் ஒரு வழி கண்டது. வெள்ளிப் பொருள்களின் தரத்தைக் காசுக்கு மேலே, ஆயிரத்துக்கு 958-க்கு உயர்த்தியது. இனிக் காசை அப்படியே உருக்கினால் முத்திரை கிடைக்காது. இதுதான் பிரிட்டானியா வெள்ளி.

23 ஆண்டுகள் இந்தச் சட்டம் நடந்தது. மெருகேறிய பிரிட்டானியா வெள்ளி தொட்டால் தழும்பு விழும் அளவுக்கு மென்மை என்று பாத்திரக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த ஹியூகனாட் கைவினைஞர்களுக்கோ அது பழகிய உலோகம். பாரிஸின் தரமும் ஏறக்குறைய அதுவே. 1720-இல் 925 திரும்பி வந்தது. பிரிட்டானியா விரும்பியவர்க்கு மட்டும் என்றானது. கம்பிக்கு ஏற்ற தரத்தை இங்கிலாந்து அரசு சட்டமாக்கியது அந்த ஒருமுறைதான் எனலாம், அதுவும் நாணயத்தைக் காப்பதற்காக.

இந்தியாவில் கதை இன்னும் நெருக்கமானது. இங்கே காசுக்கும் நகைக்கும் நடுவே முத்திரை அலுவலகம் இல்லை, பத்தரின் உலைதான் இருந்தது. காசில் செம்பு கலப்பது இங்கே மிகப் பழைய வழக்கம். வெள்ளிக் காசுக்கு 16 பங்கில் 11 பங்கு வெள்ளி, நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு இரும்போ ஈயமோ போன்ற வேறு உலோகம் என்று அர்த்தசாஸ்திரம் கணக்குச் சொல்கிறது. முகலாயர் ரூபாய் இதற்கு நேர்மாறாக மிகச் சுத்தமானது. அதை உருக்கிக் கம்பி இழுத்தவனுக்கு வேறு வேலை குறைவு. கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகு நிலை மாறியது. 1818-இல் சென்னை மாகாணத்திலும், 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதிலும் ரூபாய்க்கு 180 கிரெயின் எடை, அதில் 165 கிரெயின் வெள்ளி என்று ஆனது. பன்னிரண்டில் பதினொன்று, அதாவது 91.67 சதவீதம்.

அந்த ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா. ஆகவே தராசின் ஒரு தட்டில் ரூபாய்களை வைத்து, மறுதட்டில் நகையை வைத்து நிறுத்தார்கள். வீட்டுக்காரர் பத்து ரூபாயை எண்ணிக் கொடுப்பார், பத்தர் அவற்றை உருக்கிக் கொலுசாகவோ அரைஞாணாகவோ திருப்பிக் கொடுப்பார், எடை பார்த்துக் கூலி கைமாறும். விக்டோரியா ராணியின் தலை பொறித்த ரூபாய்கள் இப்படி உலைக்குப் போன எண்ணிக்கைக்கு அளவில்லை. எதிர்த்திசையிலும் வெள்ளி ஓடியது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் குடும்பங்கள் கழற்றி விற்ற நகைகள் பம்பாய் நாணயச்சாலையில் வந்து குவிந்து மீண்டும் ரூபாயாயின. தலைமுறைகளின் சேமிப்பு சில மாதங்களில் கரைந்தது. கைவேலையின் மதிப்பு அந்த உலையில் ஒரு காசு பெறவில்லை.

1893-இல் அரசு, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியைக் காசாக்கித் தரும் வசதியை நிறுத்தியது. அதன்பின் ரூபாயின் முகமதிப்பு அதில் உள்ள வெள்ளியைவிட உயர்ந்து நின்றதால் காசை உருக்குவது நட்டமானது. முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியபோது கணக்கு மறுபடி புரண்டது. 1918-இல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்திய நாணயத்துக்காகக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியாக 1940-இல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம் மீதி. அந்த உலோகத்தில் சன்னக் கம்பி இழுக்க நினைப்பது வீண். காசும் கம்பியும் இந்தியாவில் பிரிந்தது அந்த ஆண்டில்தான்.

ஒடிசாவின் கட்டக் நகரத்தில் இந்த வரலாறு முழுவதையும் தாண்டி ஒரு கம்பி வேலை நிலைத்திருக்கிறது. தாரகசி என்று பெயர். முகலாயர் காலத்தில் ஆதரவு பெற்று வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒடியா மக்களின் தலைவர் மதுசூதன் தாஸ் பட்டறை வைத்து அதற்கு வெளியூர்ச் சந்தை தேடித் தந்தார். 1880-இல் இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி நூல் எழுதிய ஜார்ஜ் பேர்டுவுட், கட்டக்கில் இந்த வேலையைப் பெரும்பாலும் சிறுவர்கள் செய்வதாகவும், கூரிய கண்ணும் மென்மையான விரலும் அதற்குக் காரணம் என்றும் பதிவு செய்திருக்கிறார். வியந்து எழுதிய வரிகள்தான். ஆனாலும் விளக்குச் சுடருக்கு முன்னால் நாளெல்லாம் குனிந்து கிடந்த அந்தக் கண்கள் எத்தனை வயது வரை தாங்கின என்பதை நினைக்காமல் அதைப் படிக்க முடியாது.

தாரகசியில் ஓர் இலை உருவாவதைக் கவனித்தால் கலவைகளின் ஒப்பீடு தானே விளங்கும். முதலில் சற்றுத் தடித்த கம்பியைத் தட்டி, இலையின் வெளிச்சட்டத்தை வளைக்கிறார்கள். இதற்கு விறைப்பு வேண்டும். செம்பு கலந்த வெள்ளி இங்கே உதவி. பிறகு உள்ளே நிரப்பும் இழை. இரண்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, உருளைக்கு நடுவே கொடுத்துத் தட்டையாக்குகிறார்கள். தட்டையான இழையை ஓரத்தில் நிறுத்திப் பார்த்தால் முறுக்கின் வரிகள் கடுகு கோத்தது போல மணிமணியாகத் தெரியும். அந்த மணிகள்தான் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கம்பி நகைக்கு அதன் மினுமினுப்பைத் தருகின்றன. சாமணத்தின் நுனியில் இழையைச் சுருட்டிச் சுருட்டிச் சட்டத்துக்குள் அடுக்குகிறார்கள். ஒவ்வொரு சுருளும் பக்கத்துச் சுருளை இறுக்கமாகத் தொட்டு நிற்க வேண்டும். தொடாத இடத்தில் பற்று ஏறாது. விறைப்பான கம்பி இங்கே துள்ளி விரியும். ஆகவே உள்ளிழைக்கு வெள்ளி எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது.

நிரப்பி முடித்ததும் வெங்காரம் கலந்த பற்றுப்பொடியைத் தூவி ஊதுகிறார்கள். பொடி என்பது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்த்து உருக்கி அரத்தால் ராவி எடுத்த தூள். நல்ல கை என்றால் சட்டம் முதலில் சூடேறும், உள்ளிழை பின்னால் சூடேறும், பொடி ஒரே நொடியில் பளிச்சென்று ஓடி எல்லாச் சுருள்களிலும் படியும். சட்டத்துக்கு ஒரு வெள்ளி, இழைக்கு ஒரு வெள்ளி, பற்றுக்கு ஒரு வெள்ளி என்று ஒரே நகையில் மூன்று கலவைகள். உலகின் பல கம்பி வேலை மரபுகள் இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எந்தச் சட்டமும் இதை விதிக்கவில்லை. கைகள் கண்டுபிடித்த விடை இது. அரசர்கள் கொடுத்த எண்கள் எல்லாவற்றையும்விட இது மேலானது.

தெலங்கானாவின் கரீம்நகரிலும் இதே வேலை நடக்கிறது. அதற்கு 2007-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டக் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரபிக்கடலின் அந்தப் பக்கம், யேமனில், காசின் ஆட்சி இன்னும் கடுமையாக இருந்தது. அங்கே வெள்ளி என்றால் மரியா தெரேசா தாலர். ஆஸ்திரிய அரசி 1780-இல் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்துக்கொண்டு வியன்னாவிலும் வெனிஸிலும் லண்டனிலும், இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயிலும்கூட அந்தக் காசு அச்சானது. எடை 28.07 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 833. காப்பி வாங்க வந்த காசு, தராசுக் கல்லாகவும் பட்டறையின் மூலப்பொருளாகவும் ஆனது. சனாவின் யூதக் கைவினைஞர்கள் கம்பியும் குருணையும் சேர்த்துச் செய்த மணப்பெண் மாலைகள் அரேபியா முழுவதும் பேர்போனவை. ஆறில் ஒரு பங்கு செம்பு உள்ள காசிலிருந்து அவ்வளவு நுண்ணிய வேலை எளிதில் வராது. அந்தக் கலவை 779 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த ஊதுகுழல்களின் திறமை புரியும். 1906-இல் ஜெருசலேமில் தொடங்கிய பெட்சலேல் கலைப்பள்ளி யேமனியர்களைக் கம்பி வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. 1949–50-இல் ஏறக்குறைய 49,000 யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பழைய பட்டறைகளின் தொடர்ச்சி பெரும்பாலும் அறுந்தது.

இந்த மட்டமான வெள்ளிகள் எப்படி வெண்மையாகத் தெரிந்தன? சூடாக்கினால் மேலே உள்ள செம்பு கருத்து ஆக்சைடாகும். புளிப்பான கரைசலில் போட்டால் அந்தக் கருப்பு கரைந்துபோய், மேல்தோலில் சுத்த வெள்ளி மட்டும் நிற்கும். திரும்பத் திரும்பச் செய்தால் 80 சதவீத வெள்ளியும் பால்நிறம் காட்டும். ஆனால் செம்பைத் தின்கிற ஆக்சிஜன் மேல்தோலோடு நிற்பதில்லை. வெள்ளியின் ஊடே உள்ளிறங்கி, தோலுக்குக் கீழேயும் செம்பைக் கருக்குகிறது. மெருகிடும்போது சாம்பல் கலந்த ஊதாத் திட்டாக அது எழுந்து வரும். தகட்டு வேலைக்காரர் அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். கம்பி வேலையில் அரம் நுழையாது, தேய்த்தால் மணிகள் அழியும். கம்பி நகைகளைப் பளபளப்பாக்காமல் மங்கிய வெண்மையிலேயே விடும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தீக்கறைக்கு மருந்து 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜான்ஸ் என்ற வெள்ளிக் கைவினைஞர் 1990-இல் தொடங்கிய ஆய்வில், செம்பின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஜெர்மேனியத்தைச் சேர்த்துப் பார்த்தார். ஆர்ஜென்டியம் என்று விற்பனைக்கு வந்த அந்தக் கலவையில் ஜெர்மேனியம் முந்திக்கொண்டு ஆக்சிஜனைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத படலமாக மேலே நிற்கிறது. உள்ளே உள்ள செம்பு தப்பிக்கிறது. ஜெர்மேனியம் என்ற தனிமமே 1886-இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க்கில் கிளெமென்ஸ் விங்க்லர் ஒரு வெள்ளித் தாதுவை ஆராய்ந்தபோது கண்டெடுத்தது. இன்று 935, 960 என்ற தரங்களில் ஆர்ஜென்டியம் கிடைக்கிறது. கம்பியோடு கம்பியைப் பொடி இல்லாமலே உருக்கி ஒட்டலாம் என்பது கம்பிக்காரருக்குப் பெரிய லாபம். குறையும் உண்டு. செஞ்சூட்டில் இருக்கும்போது அசைத்தால் நொறுங்கும். நிறம் தணியும்வரை கை வைக்காமல் காத்திருக்கப் பழக வேண்டும். விலையும் அதிகம்.

தமிழ்நாட்டுச் சந்தையில் இன்றும் கொலுசின் தரத்தை டச் கணக்கில், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று, பேசுகிறார்கள். சேலத்துக் கொலுசு வேலை வளையம் வளையமாகக் கம்பி கோத்துப் பற்றவைக்கும் வேலைதான் என்பதால், கட்டக்கின் அதே சிக்கல்கள் தடித்த உருவில் அங்கும் உண்டு. வெள்ளிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க் 2005-இல் வந்தது. அதில் பல தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. கடைகளிலும் ஏற்றுமதியிலும் மிகுதியாகப் புழங்குவது 925.

கம்பி நகைக்கு அந்த 925 என்ன பொருள் தருகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் பார்க்கலாம். நூறு கிராம் நகையில் பத்து கிராம் பற்று என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் இணைப்புகள் உள்ள வேலையில் அது பெரிய அளவல்ல. பற்றில் வெள்ளி 65 சதவீதம். கம்பி முழுவதும் சரியாக 92.5 வெள்ளி என்றால், நகையை மொத்தமாக உருக்கிச் சோதிக்கும்போது 89.75 சதவீதம்தான் வரும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் தரம் தவறிவிட்டது. மொத்தம் 92.5 தேற வேண்டுமானால் கம்பியின் வெள்ளி 95.6 சதவீதமாவது இருக்க வேண்டும். 99 சதவீத வெள்ளியில் இழுத்தால் மொத்தம் 95.6 தேறும், சட்டத்துக்குச் சற்றுச் செம்பு சேர்த்து விறைப்பாக்கிக்கொள்ள அப்போது இடமிருக்கும். வார்ப்பு நகைக்காரர் 92.5 வெள்ளியை வாங்கி அப்படியே அச்சில் ஊற்றி முத்திரை வாங்கிவிடலாம். அதே முத்திரைக்கு, அதே விலைப்பட்டியலில் நிற்க, கட்டக்கிலும் கரீம்நகரிலும் உள்ள கைவினைஞர் அதைவிட உயர்ந்த வெள்ளியை வாங்கியாக வேண்டும், அதன்மேல் நாள் கணக்கில் உழைப்பையும் போட வேண்டும். கம்பி நகை வாங்குபவர் தரம் கேட்கும்போது சட்டத்துக்கு எது, இழைக்கு எது, பொடிக்கு எது என்று மூன்றாகக் கேட்கலாம். தொழில் தெரிந்த பத்தருக்கு மூன்றுக்கும் விடை இருக்கும்.